கோடை விடுமுறையில் போடிக்கு வந்த மொழி

நான் சிறுமியாக இருந்த காலத்தில் போடிநாயக்கனூரில் சைகை மொழி சொல்லிக்கொடுக்க எங்கள் கண்ணுக்கு எட்டிய வரை ஒரு வாத்தியாரும் இல்லை, ஒரு புத்தகமும் இல்லை. ஆனாலும் 1970களில் அந்த மொழி ஊருக்குள் வந்துவிட்டது. வெளியூர் விடுதிப் பள்ளிகளில் படித்த காது கேளாத பிள்ளைகள், முழுப் பரீட்சை லீவுக்கு வீடு வந்தபோது அதைக் கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டுக்கு என் தம்பியோடு மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயிலில் வந்து இறங்கியது. நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காது கேளாத சின்னப் பிள்ளைக்குச் சைகை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று இன்றைக்கும் யாராவது கேட்டு வருகிறார்கள். பதில் சொல்ல உட்கார்ந்தால் எனக்கு இந்தப் பழைய கதைதான் முதலில் வருகிறது.

தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அம்மா ஏலக்காய் ஆய்கிற வேலைக்குப் போவார். அப்பா ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதினார். வீட்டில் எங்களுக்கென்று சில சாடைகள் வைத்திருந்தோம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனால் ஏலக்காய். உடம்பைக் குலுக்கிக் காட்டினால் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப். காதோரம் பேனா செருகுவதுபோலக் காட்டினால் அப்பா. என் தாடையில் ஒரு தழும்பு உண்டு; தன் தாடையைத் தொட்டுக் காட்டினால் நான்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு சோறு கேட்கலாம், கடைக்கு அனுப்பலாம், சண்டை போடலாம். அதற்கு மேல் போக முடியாது. தாத்தா இறந்தபோது தம்பிக்கு ஐந்து வயது. தூக்கிக்கொண்டு போனதை அவன் பார்த்தான். அதன்பிறகு சாயங்காலமானால் தாத்தாவின் கைத்தடியை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவான். தாத்தா இனி வரமாட்டார், ஏன் வரமாட்டார் என்று சொல்ல எங்கள் சாடைகளில் வழி இல்லை. அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுவார். அவன் அம்மாவின் கண்ணீரைத் துடைத்துவிட்டு மறுபடி தெருவைப் பார்ப்பான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்போது எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குதான். இருட்டினால் தம்பியோடு பேச்சு நின்றுவிடும். அம்மா வேலை முடிந்து வரும்போதே பொழுது சாய்ந்திருக்கும். அடுப்பு வெளிச்சத்தில் அவர் முகமும் கையும் தெரிகிற கொஞ்ச நேரம்தான் தம்பிக்குத் தாயோடு பேசக் கிடைத்த நேரம். மலைத் தோட்டங்களில் லயத்து வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுவும் குறைவு. விடியுமுன் போடியிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறும் ஜீப்புகள் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது இங்கே விளக்கு வைத்திருப்பார்கள். காது கேட்கிற பிள்ளை இருட்டிலும் அம்மா குரலைக் கேட்டுப் பேச்சைக் கற்றுக்கொள்கிறது. கேட்காத பிள்ளைக்கு வெளிச்சம் இருந்தால்தான் மொழி.

அப்பா எங்களுக்கு ஊமைத்துரை கதையைச் சொல்வார். போடியும் ஒரு பாளையம் என்பதால் பாளையக்காரர் கதைகளில் அவருக்குத் தனிப் பற்று. 1799 அக்டோபரில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு, அவர் தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தப்பி, கும்பினியார் இடித்துப் போட்டிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களிலேயே மண்ணால் எழுப்பினார். மார்ச் கடைசியில் வந்த படையை விரட்டி அடித்தார். மே மாதம் கோட்டை விழுந்தது. நவம்பரில் அவரையும் தூக்கிலிட்டார்கள். அவரை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி பிற்காலத்தில் தன் நினைவுகளை எழுதினார். ஊமைத்துரை கேட்காதவர், பேசாதவர் என்றும், அவருடைய சிறு சைகையையும் மக்கள் தெய்வ வாக்காகக் கொண்டார்கள் என்றும் அதில் இருக்கிறது. துரும்புகளை இடது உள்ளங்கையில் அடுக்கி வெள்ளைக்காரப் படை என்று காட்டி, வாயால் ஒரு சீறல் ஒலி எழுப்பி, மறு கையால் தள்ளிவிடுவாராம். தாக்கு என்பதற்கு அதுதான் கட்டளை. எங்கள் பக்கத்தில் அவருக்குத் திக்குவாய் என்று சொல்பவர்களும் உண்டு.

அப்பா இந்தக் கதையை வீரத்துக்காகச் சொன்னார். எனக்கு அதில் வேறொன்றுதான் பெரிதாகப்படுகிறது. ஒரு படையே அவருடைய கையைப் படிக்கக் கற்றிருந்தது. அவர் வாய்ப்பேச்சுக்கு வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் அவருடைய மொழிக்கு வந்தார்கள்.

ஊமைத்துரை சிறையிருந்த அதே பாளையங்கோட்டையில்தான், ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, தமிழ்நாட்டில் காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளி தொடங்கியது. 1890களில் ப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மிஷனரிப் பெண்மணி தொடங்கிய அந்தப் பள்ளி, இன்றும் அவர் பெயரிலேயே மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. அதற்கு முன் 1885இல் பம்பாயிலும் 1893இல் கல்கத்தாவிலும் பள்ளிகள் வந்திருந்தன. ஊர் ஊராகத் தனித்தனியே கிடந்த பிள்ளைகள் முதன்முதலாக ஒரே கூரையின் கீழ் சேர்ந்தார்கள். காது கேளாத பிள்ளைகள் பத்துப்பேர் சேர்ந்து வாழ்கிற எந்த இடத்திலும் சைகை மொழி தானாகத் தழைக்கும். உலகம் முழுக்க அப்படித்தான் நடந்திருக்கிறது.

ஆனால் இந்தியாவில் இந்தப் பள்ளிகள் தொடங்கிய நேரம் கெட்ட நேரம். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு கூடியது. கலந்துகொண்ட 164 பேரில் ஒருவர் மட்டுமே காது கேளாதவர். இனிப் பள்ளிகளில் சைகை கூடாது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால் பேசப் பழக்குவதே வழி என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். 1760களிலிருந்து பாரிஸில் அபே தெ லெப்பே சைகையால் பாடம் நடத்திக் காட்டியிருந்தார். அமெரிக்காவில் 1817 முதல் சைகையில் பாடம் நடந்தது. அவ்வளவையும் ஒரு தீர்மானம் தள்ளி வைத்தது. அந்தத் தவறுக்கு வருத்தம் தெரிவித்து 2010இல் கனடாவின் வான்கூவரில் அதே மாநாட்டு வரிசையில் அறிக்கை வந்தபோது 130 ஆண்டு கடந்திருந்தது. இந்த இடைக்காலத்தில்தான் நம் நாட்டில் பெரும்பாலான பள்ளிகள் தோன்றின, வளர்ந்தன. கையைக் கட்டிவிட்டு வாயைத் திறக்கச் சொன்ன காலம் அது. என் தம்பி அதில் வளர்ந்தான்.

அவனை ஏழு வயதில் வெளியூர் விடுதிப் பள்ளி ஒன்றில் சேர்த்தார்கள். ஜூன் மாதம் அப்பாவோடு போனான். வகுப்பில் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, ஆசிரியையின் தொண்டையில் கை வைத்து அதிர்வைப் பார்க்கச் சொல்லி, 'ப' என்றும் 'ம' என்றும் சொல்லப் பழக்குவார்கள். கை அசைந்தால் விரல் முட்டியில் ஸ்கேல் அடி. பல மாதம் பழகி அவன் வாயிலிருந்து வந்தது 'அம்மா' போன்ற ஒரு ஒலி. அம்மா அதைக் கேட்டு மகிழ்ந்தது உண்மை. ஆனால் அவன் மனசில் இருந்ததையெல்லாம் சொல்ல அந்த ஒரு சொல் போதவில்லை.

அவன் மொழி கற்றது வகுப்பு முடிந்த பிறகு. விடுதி வராந்தாவில் ராத்திரி முழுக்க ஒரு பல்பு எரியுமாம். பெரிய பையன்கள் அதன் கீழே நின்று கதை சொல்வார்கள். பார்த்த சினிமா, வார்டனின் நடை, ஊரில் நடந்த கொலை, அடுத்த நாள் சாப்பாடு, எல்லாம் கையில். சிறியவர்கள் பார்த்துக்கொண்டே கற்றார்கள். பாடமாக யாரும் நடத்தவில்லை. மொழியை அறிந்தவர்களுக்கு நடுவில் விட்டார்கள், பிள்ளை பிடித்துக்கொண்டது. இதைவிடச் சிறந்த முறையை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

அடுத்த மே மாதம் வீட்டுக்கு வந்தவன் வேறு பிள்ளை. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி எனக்குக் கதை சொல்லப் பார்த்தான். எனக்குப் புரியவில்லை என்றதும் அவனுக்குக் கோபம். பிறகு திண்ணையில் உட்கார வைத்து எனக்குப் பாடம் எடுத்தான். மூக்குத்தி இடத்தை விரலால் தொட்டால் பெண். மீசையை முறுக்கினால் ஆண். கட்டைவிரலை நிமிர்த்தினால் நல்லது, சுண்டுவிரலை நீட்டினால் கெட்டது. கேள்விச் சொல் கடைசியில் வரும்: உன் பெயர் என்ன, அவ்வளவுதான். எப்போது நடந்தது என்பதை முதலில் காட்டிவிட வேண்டும். நேற்று என்று காட்டிவிட்டால் அதன்பின் வருவதெல்லாம் நேற்று நடந்தது. வினை பெரும்பாலும் கடைசியில். தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த அடுக்கு சிரமமில்லை. சிரமமானது முகம்தான். புருவத்தைத் தூக்காமல் கேள்வி கேட்டால் அவன் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ள மாட்டான்.

அந்த லீவில் ஒரு நாள் அவனே தாத்தாவின் கைத்தடியை எடுத்துக் காட்டி, செத்துப்போனார் என்று எனக்குச் சைகையில் சொன்னான். விடுதியில் இன்னொரு பையனின் பாட்டி செத்த கதையிலிருந்து அவனுக்கு அது விளங்கியிருந்தது. அவன் வயதுப் பிள்ளைகள் ஐந்து வயதில் தெரிந்துகொள்வதை அவன் எட்டு வயதில் தெரிந்துகொண்டான். அந்த மூன்று வருஷத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

தம்பியைப்போல வெளியூரில் படித்த பையன்கள் இன்னும் சிலர் ஊரில் இருந்தார்கள். பெரியவர்களான பிறகு சாயங்காலம் தேவர் சிலைப் பக்கம் நல்ல வெளிச்சமுள்ள டீக்கடையாகப் பார்த்து நின்று பேசுவார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பள்ளியின் சைகையோடு வந்தவர்கள். கொஞ்ச நாளில் எல்லாம் ஒன்றாகிவிட்டது. சந்தைக்கு வருகிற சில பேர் இதை மாட்டுத் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதோடு சேர்த்துச் சொல்வார்கள். அது வேறு. தரகர் விரலில் எண் மட்டும்தான் இருக்கிறது. அந்த டீக்கடை வாசலில் அரசியல் பேசினார்கள், கடன் கேட்டார்கள், பெண் பார்த்துவிட்டு வந்ததைச் சொன்னார்கள்.

அதே சமயத்தில் வெளியுலகில் இதை ஆராயத் தொடங்கியிருந்தார்கள். சைகையும் இலக்கணம் உள்ள முழு மொழி என்று 1960இல் வாஷிங்டனில் வில்லியம் ஸ்டோக்கி எழுதினார். நம் நாட்டுச் சைகைக்கு அந்தப் பணியைச் செய்தவர்களில் முக்கியமானவர் மதன் வாசிஷ்டா. இமாசலப் பிரதேசக் கிராமத்தில் பிறந்து பதினோரு வயதில் காது கேட்காமல் போனவர். டெல்லியில் போட்டோகிராபராக இருந்து, 1967இல் அமெரிக்காவின் கேலடெட் கல்லூரிக்குப் போனார். அவரும் ஜேம்ஸ் உட்வர்டும் கர்க் வில்சனும் 1970களின் கடைசியில் டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் நகரங்களில் சைகைகளைத் திரட்டி அகராதிகளாகக் கொண்டுவந்தார்கள். ஊருக்கு ஊர் சொற்கள் கொஞ்சம் மாறினாலும் இது ஒரு மொழிக் குடும்பமாகவே நிற்கிறது என்பது அதில் தெரிந்தது. எங்கள் திண்ணையில் தம்பி எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அந்த மொழிதான் என்று எனக்குத் தெரிய வெகு காலமாயிற்று.

தம்பி ஏலக்காய்க் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். காயைச் சல்லடையில் போட்டுப் பருமன் பிரிப்பது, வெடித்ததையும் நிறம் மங்கியதையும் பொறுக்கி எடுப்பது, மூட்டை கட்டுவது. கண்ணுக்கும் கைக்கும் உள்ள வேலை. அதில் அவன் யாருக்கும் குறைந்தவனில்லை. ஏலம் மட்டும் அவனுக்கு எட்டாமல் இருந்தது. கூவி ஏலம் விட்ட காலத்தில் விலை என்னவென்று அடுத்தவர் விரலைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 2007இல் மின்னணு ஏலம் வந்து விலை திரையில் ஓடத் தொடங்கியதும், முதலாளி பார்க்கிற அதே நொடியில் அவனும் பார்த்தான். அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்து அதைச் சொன்ன வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நான் வேலை பார்த்த அங்கன்வாடிக்கு, ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, ஒரு தாய் மூன்று வயதுப் பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "டீச்சரக்கா, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா. தட்டு கீழே விழுந்தாலும் பார்க்க மாட்டேங்குறா. அவுக அப்பா லேட்டாத்தான் பேசுனாராம், இவளும் பேசிருவான்னு மாமியா சொல்லுது" என்றாள். குழந்தைக்குக் காது பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தேன். பரிசோதனை முடிவு வருமுன்பே, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தம்பியை வந்து உட்காரச் சொன்னேன்.

அவன் செய்ததை அப்படியே சொல்கிறேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவில்லை. வெளிச்சம் தன் முகத்திலும் கையிலும் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தான். குழந்தையின் கண்மட்டத்துக்குத் தரையில் இறங்கினான். அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. குழந்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தது. நானாக இருந்தால் குழந்தையின் முகத்தைத் திருப்பியிருப்பேன். அவன் திருப்பவில்லை. அதன் பார்வை போகிற இடத்தையே தானும் பார்த்தான். குழந்தை தானாக அவன் பக்கம் திரும்பிய நொடியில் கன்னத்தில் மீசை இழுத்துப் பூனை என்று காட்டினான், அவ்வளவுதான். குழந்தை மறுபடி பூனையைப் பார்த்தது. அவன் காத்திருந்தான். திரும்பியது. மறுபடி பூனை. இப்படியே போயிற்று. "இது என்ன, சொல்லு பார்ப்போம்" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

சில வாரத்தில் குழந்தை தன் கன்னத்தில் இரு விரலை இழுத்தது. விரல் சரியாக மடங்கவில்லை. மழலைக் கை. அவன் திருத்தாமல், ஆமாம் பூனைதான் என்று முகம் மலரச் சரியான சைகையைத் திருப்பிக் காட்டினான். இன்னும் கொஞ்ச நாள் கழித்து தாய்ப்பூனை குட்டிகளை வேறிடத்துக்குக் கவ்விக்கொண்டு போய்விட்டது. குழந்தை மூட்டைக்குப் பின்னால் பார்த்துவிட்டு, அவனிடம் ஓடிவந்து, பூனை என்று காட்டி, இரண்டு உள்ளங்கையையும் மலர்த்திப் புருவத்தைத் தூக்கியது. எங்கே? அதுதான் அந்தப் பிள்ளை தன் வாழ்க்கையில் கேட்ட முதல் கேள்வி. கேள்விச் சொல் கடைசியில்தான் வந்தது.

தாய்க்குக் கற்றுக்கொடுப்பதுதான் கடினமாக இருந்தது. அவளும் ஏலக்காய் ஆய்கிறவள். கூலி எடைக்கணக்கு. கை நின்றால் கூலி நிற்கும். பேச வேண்டியதும் அதே கை. எங்கள் ஊரில் இந்த மொழிக்கு இருக்கிற தனித் தடை இது என்று நான் நினைக்கிறேன்; தேயிலை கிள்ளுகிறவளுக்கும் காய் எடுக்கிறவளுக்கும் இதே நிலைதான். முறத்தில் இருக்கிற காயையே பாடமாக்கச் சொன்னோம். பெரிய காய், சின்ன காய், பச்சை, வெளுப்பு, நல்லது, கெட்டது. ஒரு காயை எடுத்துக் குழந்தையின் கண் வந்ததும் காட்டி, ஒரு சைகை, அப்புறம் வேலை. ராத்திரி கரண்ட் போனால் பிள்ளை பயந்து அழும் என்றாள். டார்ச்சை அம்மாவின் முகத்தில் அடிக்கச் சொன்னான் தம்பி, பிள்ளையின் முகத்தில் அல்ல.

மாமியார் ஒரு நாள் வந்து, "கையில பேசிப் பழகுனா வாயி வராதாமே" என்று கேட்டார். மிலானில் போட்ட தீர்மானம் எந்தெந்த வழியாகவோ போடி வரைக்கும் வந்து ஒரு பாட்டியின் வாயில் நிற்கிறது. காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, தொட்டிலிலேயே சைகை பார்த்து வளர்ந்த குழந்தைகள், கேட்கிற பிள்ளைகள் மழலை பேசுகிற அதே வயதில் கையால் மழலை பேசுகின்றன என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மொழி தங்குகிற வயது அது. காக்ளியர் கருவியை ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வைக்கிறார்கள். வைக்கக்கூடிய பிள்ளைக்குத் தாமதிக்காமல் வைக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அறுவைச் சிகிச்சைக்கு நாள் கிடைத்து, கருவி பொருத்தி, மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, ஒலி பேச்சாகப் புரிய வரும் வரை அந்தப் பிள்ளை எந்த மொழியில் யோசிக்கும்? கருவி எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி பலன் தருவதும் இல்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

சட்டமும் அரசும் இப்போது சைகையின் பக்கம் திரும்பியிருக்கின்றன. 2015இல் டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் வந்தது. 2018இல் 3,000 சொற்களோடு அது வெளியிட்ட அகராதி 2021இல் 10,000 சொற்களானது; காணொளியாகச் செல்போனிலேயே பார்க்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிக்கச் சொல்கிறது. 2020 முதல் பாடநூல்களைச் சைகை மொழிக்கு மாற்றுகிறார்கள். 2024 டிசம்பரில் இதற்கென்றே ஒரு தொலைக்காட்சி அலைவரிசையும் தொடங்கிவிட்டார்கள். இவை எல்லாவற்றையும் நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் இவற்றில் பெரும்பகுதி பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கானது. என் தம்பி இழந்தது பள்ளிக்கு முந்தைய வருஷங்களை. அகராதிக் காணொளி பூனையைப் பார்க்கிற குழந்தையின் கண் திரும்பும் வரை காத்திருக்காது. அதற்கு ஆள் வேண்டும்.

அந்த ஆட்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். ஏலக்காய்க் கடையில், தையல் கடையில், அச்சகத்தில் வேலை பார்க்கிறார்கள். சாயங்காலம் வெளிச்சமுள்ள கடை வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெற்றோர் முதலில் அவர்களைத் தேடிப் போக வேண்டும். அரசுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஒன்றியத்துக்கு ஒருவராவது, காது கேளாத பெரியவர் ஒருவரை மாதச் சம்பளத்தில் நியமித்து, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கிற வீட்டுக்கும் அங்கன்வாடிக்கும் அனுப்புங்கள். போடியிலிருந்து தொடங்குவதாக இருந்தால், என் தம்பியும் அவன் கூட்டாளிகளும் நாளைக் காலையிலேயே வரத் தயாராக இருக்கிறார்கள்.